பூதம் யாரைத் தின்கிறது?

இரவு நேரம். ஆள் நடமாட்டமில்லாத நியூயோர்க் வீதியில் ஒரு பெண் தன் சின்ன நாயோடு நடந்து வருகிறாள். வீதியின் நடுவே பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடி. அவள் அருகே வந்ததும் மூடி அசைகிறது. நகம் நீண்ட கை ஒன்று வெளியே வந்து அவள் காலைப் பற்றுகிறது. அவளும் நாயும் உள்ளே இழுபட்டுப் போகிறார்கள். வீதி பழையபடி வெறிச்சோடிக் கிடக்கிறது. 1984 ஓகஸ்ட் 31 அன்று அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த ‘சி.எச்.யு.டி.’ இப்படித்தான் தொடங்குகிறது. ரசிகர்கள் அதைச் சுருக்கமாகச் ‘சட்’ என்பார்கள்.

டக்ளஸ் சீக் இயக்கிய படம். திரைக்கதை எழுதியவராகப் பெயர் போட்டிருப்பது பார்னல் ஹோல்; பின்னாளில் துப்பறியும் நாவல்களால் அறியப்பட்டவர். செலவு ஏறக்குறைய 12 இலட்சத்து 50 ஆயிரம் டொலர். அன்றைய ஹொலிவுட் கணக்கில் மிகச் சிறிய தொகை. வெளியிட்டது நியூ வேர்ல்ட் பிக்சர்ஸ். மலிவுப் படங்களின் மன்னர் எனப் பெயரெடுத்த ரொஜர் கோர்மன் 1970இல் தொடங்கி, 1983இல் விற்றுவிட்ட நிறுவனம். திரையரங்கில் படம் பெரிதாக ஓடவில்லை. அதைக் காப்பாற்றியது வீடியோ நாடா. ஊருக்குள் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் ‘டெக்’கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று நான்கு படம் போட்டுப் பார்த்த தலைமுறை மட்டக்களப்பிலும் உண்டு. வீடியோ நாடா எப்படி ஒரு படத்துக்கு இரண்டாம் ஆயுளைக் கொடுக்கும் என்பதை அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இந்தப் படத்தைப் பேய்ப்படம் என்று மட்டும் வகைப்படுத்தி ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு நகரம் தன் பூதத்துக்கு யாரை இரையாக விடுகிறது என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன மலிவுப் படம் வேறொன்றை நான் அறியேன்.

கதையைப் பாருங்கள். மான்ஹட்டனில் ஏழைகளுக்குச் சூப் கொடுக்கும் இடமொன்றை ஷெப்பர்ட் என்பவர் நடத்துகிறார் (டானியல் ஸ்டேர்ன்). வீடற்று, சுரங்கப் பாதைகளிலும் சாக்கடை வழிகளிலும் படுத்துறங்கும் மனிதர்கள்தான் அவரிடம் சாப்பிட வருகிறவர்கள். நாளும் வந்த முகங்கள் வராமல் போகின்றன. அவர் பொலிஸில் முறையிடுகிறார். காது கொடுப்பார் இல்லை. கப்டன் பொஷ் அவரைத் தேடி வருவது பிறகுதான். பொஷ்ஷின் மனைவியும் காணாமற்போனவர்களில் ஒருத்தி. முதல் காட்சியில் நாயோடு நடந்தவள் அவள்தான்.

இன்னொரு பக்கம் ஜோர்ஜ் கூப்பர் என்ற புகைப்படக்காரர் (ஜோன் ஹேர்ட்). சுரங்கவாசிகளைப் படம்பிடித்துப் பெயரெடுத்தவர். இப்போது அந்த வேலையில் மனம் ஒட்டாமல் இருக்கிறார். முன்பு படமெடுத்த ஒரு மூதாட்டி பொலிஸ்காரரின் துப்பாக்கியைப் பறிக்க முயன்று பிடிபடுகிறாள். பிணையில் எடுக்க அவள் சொல்லும் ஒரே பெயர் கூப்பருடையது. அவளோடு நிலத்தடிக்கு இறங்கிப் போனால், அங்கே அவளுடைய சகோதரன் விக்ரர் காலில் பெருங்காயத்தோடு கிடக்கிறான். ஏதோ கடித்த காயம். துப்பாக்கி எதற்கென்று அப்போதுதான் புரிகிறது.

காசில்லாத படம் என்பதால் பூதங்களை அதிகம் காட்ட முடியவில்லை. ஒளிரும் கண்கள், இறப்பர் முகமூடி, சில நொடிகள், பிறகு இருட்டு. காட்டிய இடங்களிலும் பூதம் அவ்வளவாகப் பயமுறுத்துவதில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மிச்சமிருந்த நேரத்தைப் படம் மனிதர்களுக்குக் கொடுத்தது. சூப் வாங்க நிற்கும் வரிசை, அழுக்குக் கோட்டுக்குள் மறைத்த கைகள், பொலிஸ் நிலைய மேசை, முறைப்பாட்டை எழுத மனமில்லாத உத்தியோகத்தர்: பணம் நிறைந்த தயாரிப்பாளர் வெட்டி எறிந்திருக்கக்கூடிய இவைதாம் நாற்பது ஆண்டு கழித்தும் படத்தை நிறுத்தி வைத்திருக்கின்றன. ஸ்டேர்னும் ஹேர்ட்டும் பொஷ்ஷாக வரும் கிறிஸ்தோபர் கரியும் ஒரு சமூக நாடகத்தில் நடிப்பது போலவே நடிக்கிறார்கள்.

ஷெப்பர்ட் நிலத்தடியில் கதிர்வீச்சு அளக்கும் கருவியைக் கண்டெடுக்கிறார். அணுசக்தி ஒழுங்காற்று ஆணைக்குழுவின் அதிகாரி வில்சன் வருகிறார், மழுப்புகிறார். ‘சி.எச்.யு.டி.’ என்ற எழுத்துகளுக்கு அவர் கொடுக்கும் விரிவு, நிலத்தடியில் வாழும் நரமாமிசம் தின்னும் மனித உருக்கள் என்பது. கோப்புகளில் இருக்கும் விரிவு வேறு: மாசு அபாயம், நகரக் கழிவகற்றல். நகரத்துக்கு ஊடாகக் கொண்டுபோக அனுமதி கிடைக்காத நச்சுக் கழிவை நகரத்துக்கு அடியிலேயே பதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் கழிவால் உருமாறிய சுரங்கவாசிகள்தாம் பூதங்கள். வில்சனின் தீர்வு, மூடிகளையெல்லாம் அடைத்து உள்ளே எரிவாயுவை விடுவது. கீழே இன்னும் உயிரோடு இருக்கும் மனிதர்கள் அந்தத் திட்டத்தின் கணக்கில் வரவில்லை.

இது வெறும் கற்பனை என்று அன்றைய நியூயோர்க்வாசி நினைத்திருக்க மாட்டார். அதே மாநிலத்தில், நயாகரா ஃபோல்ஸ் நகரின் லவ் கனல் பகுதியில் ஓர் இரசாயன நிறுவனம் ஏறக்குறைய 21,000 தொன் கழிவைப் புதைத்து, மண் மூடி, 1953இல் அந்த நிலத்தை ஒரு டொலருக்குப் பாடசாலைச் சபையிடம் கொடுத்தது. மேலே பாடசாலை எழுந்தது, சுற்றிலும் வீடுகள் எழுந்தன. அடித்தளங்களுக்குள் கழிவு கசிந்து வந்த பிறகு, 1978 ஓகஸ்டில் அங்கே அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச் 28இல் பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்ட் அணுஉலை விபத்து. படம் வெளிவந்து மூன்றே மாதத்தில், 1984 டிசெம்பர் 2 நள்ளிரவை ஒட்டி, போபாலில் நச்சுவாயு கசிந்தது. ஆலையின் மதிலை ஒட்டிய சேரிகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்தாம் முதலில் செத்தார்கள். எந்தப் பேய்ப்படமும் அந்த இரவின் பக்கத்தில் வர முடியாது.

வீடற்றோர் கதையும் அப்படியே. 1979இல் ரொபேர்ட் ஹேய்ஸ் என்ற இளம் வழக்கறிஞர், வீதியில் படுக்கும் மனிதருக்குப் புகலிடம் கொடுப்பது அரசின் கடமை என்று நியூயோர்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்காளி ரொபேர்ட் கலஹன், கொரியப் போருக்குப் போய் வந்து வீதியில் விழுந்தவர். 1981 ஓகஸ்டில் நகர நிர்வாகம் இணங்கி ஒப்பந்தம் எழுதியது. கையெழுத்தாவதற்கு முன்பே கலஹன் வீதியிலேயே இறந்துபோயிருந்தார். ஷெப்பர்டின் சூப் வரிசையில் நிற்பவர்கள் கலஹனைப் போன்றவர்கள்.

நகரத்துப் பூதம் தமிழுக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் புகார் நகரில் ஒரு சதுக்கப் பூதம் இருக்கிறது. நிலத்தடியில் ஒளிந்திருக்கவில்லை, நாற்சந்தியில், எல்லோரும் அறிய நிற்கிறது. அது யாரைப் பிடிக்கும் என்பதற்குப் பட்டியலே உண்டு: தவவேடத்தில் ஏமாற்றுவோர், ஒழுக்கக்கேட்டை மறைத்து வாழும் பெண்டிர், அரசனுக்குக் கேடு சூழும் அமைச்சர், பிறர்மனை நாடுவோர், பொய்ச்சாட்சி சொல்வோர், புறங்கூறுவோர். இவர்களைப் பாசக் கயிற்றில் கட்டி அடித்துத் தின்னும். அதே நகரில் பாவை மன்றம் என்றும் ஓர் இடம் இருக்கிறது. அரசனின் முறை பிழைத்தால் அங்குள்ள பாவை வாய் பேசாமல் கண்ணீர் விடும். பூதம் ஒரு நீதிமன்றம், பாவை ஒரு சாட்சி.

அதே காப்பியத்தின் அடைக்கலக் காதையில் மாடலன் என்ற மறையோன் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. கற்புடைய ஒருத்தி மீது பொய்க்கரி சொன்னவனைப் பூதம் கட்டிவிடுகிறது. அவனுடைய தாய் கதறுகிறாள். கோவலன் குறுக்கே போய், அவனை விட்டு என் உயிரை எடுத்துக்கொள் என்கிறான். பூதம் மறுக்கிறது: குற்றவாளிக்குப் பதிலாகக் குற்றமற்றவன் உயிரை வாங்குவது அதன் முறையில் இல்லை. பொய்க்கரியாளன் தின்னப்பட்ட பின் அவன் தாயையும் உறவினரையும் கோவலன் பொருள் கொடுத்துக் காக்கிறான். நியூயோர்க்கில் நடப்பதோ இதன் தலைகீழ். நகரத்துக்குக் கேடு சூழ்ந்த அதிகாரி மேலே மேசையில் உட்கார்ந்திருக்கிறார். பூதம் கீழே அகப்பட்ட ஏழையைத் தின்கிறது. ஒரு நகரத்தின் நீதி கெட்டுவிட்டது என்பதற்குப் பூதத்தின் இரை மாறிப்போவதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை என்றே நினைக்கிறேன்.

அதே 1984இல் ராம்சே சகோதரர்களின் ‘புரானா மந்திர்’ இந்தியாவில் வசூலை அள்ளியது. இதுவும் மலிவுப் படம்தான். சாம்ரி என்ற அரக்கனின் தலை ஓரிடத்தில், முண்டம் வேறிடத்தில். அவனைத் தண்டித்த அரசவம்சத்தின் மீது சாபம். ராம்சேக்களின் பூதம் பரம்பரைக் கணக்கைத் தீர்க்க வருவது. புகாரின் பூதத்துக்கு அது தூரத்து உறவு. ‘சட்’டில் சாபம் கொடுத்தவர் யாருமில்லை. கையொப்பமிட்ட கோப்புகள் மட்டுமே உண்டு.

இங்கே, மட்டக்களப்பின் செட்டிபாளையத்தில், பாதாளச் சாக்கடை கிடையாது. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் எழுவான்கரையின் மணல் நாக்கு. சில முழம் தோண்டினால் தண்ணீர் ஊறும். இந்த மண்ணுக்கு அடியில் எதையும் பூட்டி வைக்க முடியாது. மலக்குழியில் விட்டதும் தோட்டத்தில் தெளித்ததும் ஒருநாள் கிணற்றுக்கு வந்து சேரும். இங்குள்ளவர்கள் பேயையும் பூட்டி வைக்கவில்லை. காடேறி போன்ற தெய்வங்களுக்கு எல்லையில் ஓர் இடம் ஒதுக்கி, மடை என்னும் படையல் வைத்து, சடங்கு நடத்தி, பூசகரான கட்டாடியார் முன்னிலையில் வாக்குக் கேட்டு அனுப்புவார்கள். கெட்டதைக்கூட ஊருக்குள் கணக்கில் வைத்து, பசி தீர்த்து, எல்லை சொல்லி நிறுத்தும் முறை அது. மூடியை அடைத்து வாயு விடும் யோசனை இந்த மரபுக்கு அந்நியமானது.

ஆனால் 2011 ஓகஸ்டில் வந்த பூதத்துக்கு மடை வைக்க முடியவில்லை. பத்திரிகைகள் ‘கிறீஸ் பூதம்’ என்றும் ‘மர்ம மனிதன்’ என்றும் எழுதின. உடம்பெல்லாம் கிறீஸ் பூசி, பிடித்தால் வழுக்கி ஓடும் திருடன் சிங்களக் கிராமங்களில் பழைய கதை. அந்த மாதம் அது பெண்களைத் தாக்கும் உருவமாகி மலையகத்திலும் கிழக்கிலும் வடக்கிலும் புத்தளத்திலும் பரவியது. அந்தி சாய்ந்தால் பெண்கள் கிணற்றடிக்குத் தனியே போகவில்லை. ஆண்கள் பொல்லோடு விழித்திருந்தார்கள். ஹப்புத்தளையில் மர்ம மனிதர்கள் என்ற சந்தேகத்தில் இருவரைக் கூட்டம் கொன்றது. புத்தளத்தில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் சந்தேக நபர்களைத் துரத்திய மக்கள் இராணுவ முகாம் வாசலில் போய் நின்றார்கள். அன்றிரவு இராணுவம் ஊருக்குள் புகுந்து ஏறக்குறைய நூறு ஆண்களை அடித்து இழுத்துச் சென்றது. அதே மாதம் 25ஆம் திகதி, நெடுங்காலம் நீடித்த அவசரகாலச் சட்டம் முடிவுக்கு வருவதாக நாடாளுமன்றத்தில் ஜனாதிபதி அறிவித்தார். பூதத்தையும் அந்த அறிவிப்பையும் ஒன்றாக வைத்துப் பேசாத திண்ணை அன்று இல்லை.

அந்த வதந்தியின் அமைப்பைக் கவனித்தால், ‘சட்’ படத்தின் இரண்டாம் பாதி அப்படியே தெரிகிறது. மக்கள் அஞ்சியது கிறீஸ் பூசிய உடம்புக்கு மட்டுமல்ல. அது ஓடிப் புகுந்துகொள்ளும் வாசலுக்கும்தான். துரத்தினால் முகாமுக்குள் மறைகிறது, முறையிட்டால் முறைப்பாடு மறைகிறது என்பதே ஊருக்கு ஊர் சொல்லப்பட்ட சாரம். முப்பது ஆண்டு போர் கற்றுக்கொடுத்த அவநம்பிக்கை அது, அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. அதற்காக ஹப்புத்தளையில் செத்த இருவரை மறந்துவிடவும் முடியாது. படத்துக்கு ஒரு வசதி இருந்தது: வில்சன் என்ற ஒற்றைக் குற்றவாளியைக் காட்டி, முடிவில் அவரைக் கொன்று கணக்கை முடித்துவிடலாம். 2011இல் கூட்டத்தின் பொல்லுக்கு அகப்பட்டவர்கள் வில்சன்கள் அல்லர்.

காணாமற்போனவர்களைப் பற்றிப் பேசாமல் இந்தப் படத்தை மட்டக்களப்பில் உட்கார்ந்து எழுதுவது நேர்மையாகாது. 1990 செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. அவர்கள் திரும்பவில்லை. அதே ஆண்டு ஜூலையில், செட்டிபாளையத்துக்கு வடக்கே அடுத்த ஊரான குருக்கள்மடத்தில், பிரதான வீதியால் ஊர் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் கடத்திக் கொன்றார்கள். அவர்கள் புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் மணலைப் பற்றிய கேள்வி களுவாஞ்சிக்குடி நீதிமன்றம்வரை போயிருக்கிறது. ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டுவிடும் பழக்கம் எங்கள் பக்கத்திலும் இருக்கிறது, அது மாற வேண்டும். ஷெப்பர்டின் பெருமையே, தன் வரிசையில் நின்ற ஒவ்வொருவரையும் அவர்தாம் நினைவில் வைத்திருந்தார் என்பதுதான். யார் நல்லவர், யார் குடிகாரர் என்று பிரிக்கவில்லை.

நகரத்தின் அடியில் தமிழர்கள் நிஜமாகவே இறங்குகிறார்கள், செத்தும் போகிறார்கள். அதைப் பற்றிய தமிழ்ப் படம் பேய்ப்படம் அல்ல. திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017). மதுரையில் மலக்குழிக்குள் இறங்கியவர்கள் இறந்ததைத் தொடர்ந்து, சொற்பப் பணத்தில் தமிழ்நாடு முழுக்க அலைந்து எடுத்த ஆவணப்படம். பல ஊர்களில் திரையிடப் பொலிஸ் அனுமதி மறுத்தது. மக்கள் யூடியூப்பில் பார்த்தார்கள். மலம் அள்ளும் வேலைக்கு மனிதரை அமர்த்துவதை 1993இலும் 2013இலும் இந்தியச் சட்டங்கள் தடை செய்தன. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் பத்து இலட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2023 ஒக்டோபரில் அதை முப்பது இலட்சமாக்கியது. ‘கக்கூஸ்’ படத்தில் கையுறையில்லாமல் மலத்தை வழித்தெடுக்கும் பெண் கமராவைப் பார்த்துப் பேசும்போது, பார்ப்பவருக்கு ஒளிய இடமில்லை. இறப்பர் முகமூடி தராத நடுக்கம் அங்கே வருகிறது. காரணம் எளிது: கீழே இருப்பவர் தன் வாயால் பேசுகிறார்.

‘சட்’டின் பெரிய குறை இதுவே. பூதமானவர்கள் யார் என்று படம் சொல்லிவிடுகிறது. சூப் வாங்கிச் சாப்பிட்ட அதே மனிதர்கள். ஆனால் மாறிய பிறகு அவர்களில் ஒருவருக்கும் பெயரில்லை, ஒரு சொல்லில்லை. கூப்பரின் துணைவி லோரன் தன் வீட்டுக்குள் வந்த பூதத்தின் தலையை வாளால் வெட்டும்போது, நேற்றுவரை அது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. சூப் வரிசையில் அத்தனை பொறுமையாக நின்ற கமரா, தோல் பச்சையானதும் அவர்களைக் கைவிட்டுவிடுகிறது. 1989இல் வந்த தொடர்ச்சி இன்னும் கீழே இறங்கி, பூதத்தைக் கோமாளியாக்கியது. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

பதில் வந்தது 35 ஆண்டு கழித்து. ஜோர்டன் பீலின் ‘அஸ்’ (2019) தொடங்கும்போது தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே சில வீடியோ நாடாக்கள் அடுக்கியிருக்கும். அவற்றில் ஒன்று ‘சட்’. அமெரிக்காவின் அடியில் கைவிடப்பட்ட சுரங்கங்களில் வாழும் இரட்டையர்கள் மேலே ஏறி வருவதுதான் பீலின் கதை. நீங்கள் யார் என்று கேட்டபோது, அவர்களில் ஒருத்தி கரகரத்த குரலில், நாங்கள் அமெரிக்கர்கள் என்கிறாள். 1984இல் வாய் திறக்காத பூதம் அங்கே தன் கணக்கைச் சொல்லிக் கேட்கிறது. பீலுக்குப் பணமும் பேரும் இருந்தன என்றாலும், அந்தக் காட்சிக்குத் தேவைப்பட்டது ஓர் அறை, ஒரு குரல் மட்டுமே.

கல்லடியில் விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. மட்டக்களப்பில் கையடக்கக் கமராவோடு குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் பேய்ப்படத்தில்தான் தொடங்குகிறார்கள், அது இயல்பானது; காசு குறைவு, இருட்டு இலவசம். அவர்களுக்கு நான் ‘சட்’டைச் சிபாரிசு செய்வேன். முகமூடிக்காக அல்ல. பொலிஸ் நிலையத்தில் ஷெப்பர்ட் முறைப்பாடு சொல்லும் காட்சியை இருமுறை பார்க்கட்டும். பிறகு 2011 ஓகஸ்டில் தங்கள் ஊரில் பொல்லோடு விழித்திருந்தவர்களையும், அந்த இரவுகளில் அடிபட்டவர்களையும் தேடிப்போய், முதலில் கேட்டு எழுதட்டும். பூதத்துக்கு என்ன முகம் வைப்பது என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.